சிவப்பு மை ஏறாத நாள்

காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மை கலந்த தண்ணீரில் வைத்துக் காட்டாத அறிவியல் ஆசிரியர் தமிழ்நாட்டில் அரிது. செலவில்லாத சோதனை. தண்டு வெளிறி, ஒளி ஊடுருவும் தன்மையோடு இருப்பதால், உள்ளே சிவப்புக் கோடு மேலேறுவது வெளியிலிருந்தே தெரியும். காலை வழிபாடு முடிந்ததும் வைத்தால் இடைவேளைக்குள் கோடு கண்ணில் படும். சத்துணவு முடிந்து பிள்ளைகள் திரும்பும்போது இலை நரம்பும் சிவந்திருக்கும். 'தண்டு நீரைக் கடத்துகிறது' என்று குறிப்பேட்டில் எழுதவைத்து, கையெழுத்திட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எனக்கோ பாடம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தண்ணீரை மேலே ஏற்றியது யார் என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் "வேர்" என்று சொல்லும். வேர் உறிஞ்சும், தண்டு கடத்தும், இலை உணவு தயாரிக்கும்: மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லித் தடம் விழுந்துபோன வாக்கியம். நாம் வைத்திருப்பதோ வேரை வெட்டி எறிந்த தண்டு. "வேர் எங்கே?" என்று கேட்டதும் வகுப்பு அடங்கிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். அவசரப்பட்டு விடை சொல்லி அதைக் கெடுப்பதில்லை.

நான் வேலை பார்ப்பது நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகையும் சம்பங்கியும் சந்தைக்குப் போகும் ஊர். என் பிள்ளைகளில் பாதிப் பேர் விடியற்காலையில் பூப்பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். அதனால் காசித்தும்பையோடு சம்பங்கித் தண்டையும் சேர்த்துக்கொண்டேன். வெள்ளைப் பூவின் இதழ் ஓரத்தில் சிவப்பு படர்வதைப் பார்த்தால் கடைசி பெஞ்சும் எழுந்து வந்துவிடுகிறது. பூங்கொத்துக் கடையில் விற்கும் நீல ரோஜாவும் வெள்ளை ரோஜாவுக்கு இப்படிச் சாயம் ஏற்றியதுதான் என்று சொன்னபோது, "அது ஏமாற்று வேலை டீச்சர்" என்று ஒரு பூக்காரர் மகன் கோபப்பட்டான்.

எந்தச் சாயம் ஏறும் என்பதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுவேன். குங்குமம் வரும், மஞ்சள்தூள் வரும், கேசரிப் பவுடர் வரும். குங்குமமும் மஞ்சளும் தண்ணீரைக் கலங்க வைத்துவிட்டு டம்ளரின் அடியில் தங்கிவிடும். தண்டுக்குள் ஒன்றும் தெரியாது. கேசரிப் பவுடர் ஏறும். கரைவதற்கும் வெறுமனே கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியதில்லை.

தண்டை வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியில் வெட்டினால் வெட்டுவாயில் காற்று புகுந்து சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அமிழ்த்தி இன்னொரு துண்டு நறுக்கிவிட்டால் சாயம் நன்றாக ஏறும். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாடிய பூங்கொத்தின் அடியை நறுக்கித் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துகொள்ளும் என்பது அங்கே வீட்டு வழக்கம். காரணம் மட்டும்தான் வகுப்பறையில் கிடைத்தது.

ஓர் ஐப்பசியில் மேலதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்திருந்தார். விடிந்ததிலிருந்து விடாத மழை. சாரல் அடிக்கிறதென்று சன்னல்களைச் சாத்தியிருந்தோம். வழக்கம்போலத் தண்டை வைத்தோம். இடைவேளை வந்தது, போனது. வெட்டுவாய்க்குச் சற்று மேலே மங்கலாக ஒரு கோடு, அவ்வளவுதான். அதிகாரி மை பழையதா என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அப்போது சன்னலோரம் இருந்த ஒருத்தி, வராந்தாக் கொடியில் தொங்கிய ஈரத் துண்டைக் காட்டி, "காலையில் போட்ட துணியே காயவில்லை. இலை மட்டும் எப்படிக் காயும்?" என்றாள்.

நீராவிப்போக்கு என்ற சொல்லை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆனால் விஷயம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. இலையின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. போன நீருக்கு ஈடாகக் கீழேயிருந்து நீர் இழுபடுகிறது. வேர் எடுக்கும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் இப்படிக் காற்றோடு போய்விடுவதுதான். காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும் நாளில் இலையிலிருந்து வெளியேற இடமில்லை, இழுப்பும் இல்லை. அதிகாரி தம் குறிப்பில் என்ன எழுதினாரோ, அந்தத் தோற்ற சோதனையைப்போல வென்ற சோதனை எனக்கு வாய்த்ததில்லை.

வெயில் திரும்பியதும் பிள்ளைகளே சோதனையை வகுத்துக்கொண்டார்கள். ஒரு தண்டில் இலை முழுவதும் இருக்கும். ஒன்றில் பாதியைக் கிள்ளிவிட வேண்டும். ஒன்று மொட்டைத் தண்டு. இன்னொன்றில் இலையின் அடிப்பக்கம் முழுக்க வாஸ்லின் தடவியாயிற்று. இலை நிறைந்த தண்டு முந்தியது. மொட்டைத் தண்டு பின்தங்கிவிட்டது. வாஸ்லின் தடவியதும் கிட்டத்தட்ட அதன் கதிதான். பிறகு பிளேடால் குறுக்கே நறுக்கி லென்ஸ் வைத்துப் பார்த்தோம் (பிளேடு என் கையில்தான் இருக்கும், அதில் சமரசம் கிடையாது). காசித்தும்பையில் சிவப்புப் புள்ளிகள் ஓரத்தை ஒட்டி வட்டமாக நின்றன. சம்பங்கியில் இறைத்துவிட்டதுபோலச் சிதறிக் கிடந்தன. சம்பங்கி ஒருவித்திலை, காசித்தும்பை இருவித்திலை. அந்த வேறுபாட்டை அதன்பின் ஒருவரும் மனப்பாடம் செய்யவில்லை.

இந்த வழியில் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் முன்பே நடந்திருக்கிறார். தொட்டியில் இருந்த சூரியகாந்திச் செடியை நாள்தோறும் எடைபோட்டு, எவ்வளவு நீர் இலை வழியே போகிறது என்று கணக்கிட்டு, 1727இல் நூலாக வெளியிட்டார். தராசும் பொறுமையும் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலை.

பெரிய வகுப்பில் கேள்விகள் வேறு திசையில் போகின்றன. உயரம்தான் அங்கே சிக்கல். மேலிருந்து உறிஞ்சும் மோட்டார் ஏறத்தாழ 10 மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை எடுக்க முடியாது. நடைமுறையில் அதைவிடவும் குறைவு. அதனால்தான் ஆழக் கிணறுகளில் உள்ளே திண்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும். "அப்படியானால் தென்னை எப்படி எடுக்கிறது?" என்று அவன் கேட்டுவிட்டால் தப்பிக்க வழியில்லை. கலிஃபோர்னியாவில் 115 மீட்டரைத் தாண்டிய ரெட்வுட் மரமே நிற்கிறது. 1894இல் அயர்லாந்தின் டிக்சனும் ஜோலியும் சொன்னதுதான் இன்றும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்: நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால், மேலே ஒன்று போனால் அடுத்ததும் சேர்ந்து இழுபடுகிறது. நம் ஜகதீஷ் சந்திர போஸ் இதை ஏற்கவில்லை. தண்டின் உயிருள்ள செல்கள் துடித்து நீரைத் தள்ளுகின்றன என்று 1923இல் நூலே எழுதினார். பின்வந்த சான்றுகள் அவர் பக்கம் நிற்கவில்லை. என்றாலும் அவரைப் பற்றி விரிவாகவே சொல்வேன். பெரிய விஞ்ஞானியோடும் சான்று காட்டி வாதிடலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

அவர்களை உண்மையில் உலுக்குவது இன்னொன்று. நீர் ஏறும் சைலம் குழாய்களின் செல்கள் இறந்தவை. இறந்து, உள்ளே வெறுமையானால்தான் அவை குழாய் ஆகின்றன. ஜெர்மானியரான ஸ்ட்ராஸ்பர்கர் 1890களில் வெட்டிய மரத்தை நச்சுக் கரைசலில் நிறுத்தி, வழியிலுள்ள உயிர்ச்செல்களைக் கொன்ற பிறகும் நீர் மேலேறியதைக் காட்டினார். "செத்த பிறகும் வேலையா டீச்சர்!" என்று ஒருவன் சொல்ல, ஆசிரியர் அறை வரை சிரிப்புக் கேட்டது.

பருவத் தேர்வில் இதற்கெல்லாம் ஒரு மதிப்பெண்தான்: நீரைக் கடத்தும் திசு எது? சைலம். எழுதிவிடுகிறார்கள். வகுப்புத் தேர்வில் நானாக ஒரு வினா சேர்த்துக்கொள்கிறேன்: வேரில்லாத தண்டில் நீர் ஏறுவது ஏன்? இந்த முறையும் சிலர் வேரைத்தான் எழுதினார்கள்; பழைய வாக்கியம் லேசில் போகாது. ஒருத்தி எழுதியிருந்தாள்: 'இலை காய்வதால். மழை பெய்தால் தண்டுக்கு லீவு.' முழு மதிப்பெண் போட்டேன். 'லீவு' என்பதைச் சுழித்து 'விடுமுறை' என்று திருத்தியதோடு சரி.