இயற்கை விவசாயிகளுக்காக மனு கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எங்கள் குழு பல கோரிக்கைகளைச் சேர்த்துக் கொடுத்த மனுவுக்கு ஒரே வரியில் பதில் வந்தது: ‘கோரிக்கை இத்துறை சார்ந்ததல்ல.’ அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. மனுவைப் பிரித்து உரிய துறைகளுக்கு அனுப்பவேண்டியது அலுவலகத்தின் வேலை. நடைமுறையில் ஒரு மனு ஒரு துறையின் பெயரில் பதிவாகிறது. அவர்கள் கைவிரித்தால், அதிலிருக்கும் மற்ற கோரிக்கைகளும் சேர்ந்து முடிந்துபோகின்றன. எனவே ஒரு கோரிக்கைக்கு ஒரு மனு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

எந்தக் கோரிக்கை எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்பதில்தான் பெரும்பாலான அலைச்சல். ரசாயன உர மானியத்தை மத்திய அரசு உர நிறுவனங்களுக்குத்தான் தருகிறது, கடையில் பி.ஓ.எஸ். எனும் விற்பனைப் பதிவுக் கருவியில் மூட்டை விற்பனை பதிவான பிறகு தருகிறது. மூட்டையே வாங்காத இயற்கை விவசாயிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. நியாயமான ஆதங்கம்தான், ஆனால் கலெக்டரால் இதை மாற்ற முடியாது. அது மத்திய அரசுக்கும் எம்.பி.க்கும் போகவேண்டிய மனு. ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும் என்றால் மாநில வேளாண் பட்ஜெட்டைப் பிடியுங்கள். 2021 முதல் அது தனியாக வருகிறது. துறைகளின் கணக்கு பல மாதம் முன்பே தயாராகிவிடும், தை பிறந்த பிறகு போனால் தாமதம்தான்.

அந்த மனுவில் ‘இயற்கை விவசாயத்தை ஊக்குவிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று வரும், அவ்வளவுதான். காரணத்தை எழுதுங்கள்: பருவப் பயிருக்கு இயற்கை விளைபொருள் என்ற சான்று கிடைக்க விதைப்புக்கு முன் 24 மாதம் ரசாயனம் படாமல் இருக்கவேண்டும். விளைச்சல் குறையும் அந்த நேரத்தில் சான்று பெற்ற பொருளுக்கான விலையும் கிடைக்காது. பி.ஜி.எஸ். (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சரிபார்த்துச் சான்று பெறும் முறை) குழுப் பதிவின் நகல், ஒவ்வொருவரின் சர்வே எண், பரப்பு, பயிர் எல்லாவற்றையும் இணையுங்கள்.

கிராம சபையில் இன்னும் உஷாராக இருங்கள். பக்கத்து வயலில் ட்ரோன் மருந்து அடிக்கும்முன் சான்று நிலத்துக்காரருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று, சர்வே எண்களோடு எழுதிக்கொடுத்தோம். எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதோ ‘விவசாயம் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்ற வரி. சர்வே எண் ஒன்றுகூட இல்லை! அடுத்த சபையில் தீர்மானத்தை மறுபடி வைத்து, எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டோம். நகல் தர இழுத்தடித்தார்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போட்டதும் தீர்மான எண்ணோடு வந்து சேர்ந்தது. அதை இணைத்துக் கொடுத்த மனுவை வேளாண் அலுவலகம் தட்டிக்கழிக்கவில்லை. இப்போது மருந்தடிக்க வருபவர்கள் முதல் நாளே போன் செய்கிறார்கள்.

ஆர்.டி.ஐ.யில் ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது. ‘இந்த நாள் பெற்ற, இந்த எண்ணுள்ள மனுவின் கோப்புக் குறிப்பு நகல் வேண்டும்’ என்று, அதிகாரிகள் கோப்பில் எழுதிய ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.