காவடி எடுத்தும் கணக்கில் விழுந்தேன்

சித்தப்பா மகள் இந்த வருஷம் எச்.எஸ்.சி., அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதுகிறாள். போன வாரம் ரோஸ்ஹில்லில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திடீரென்று கேட்டாள்: "அக்கா, நீ அவ்வளவு விரதம் இருந்து காவடி எடுத்தாயே, அப்புறமும் ஏன் பெயிலானாய்?" அதற்குள் பஸ் வந்துவிட்டது, நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். மொரிஷியஸில் இதே பரீட்சைக்கு, இதே மாதிரி ஒரு நேர்த்திக்கடனை மனசில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள்.

எங்கள் எச்.எஸ்.சி. தெரியும்தானே, மூன்று முதன்மைப் பாடம், துணைப்பாடம், ஜெனரல் பேப்பர், எல்லாம் கேம்பிரிட்ஜ் முறையில். எனக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், துணைக்குத் தமிழ். அக்டோபர், நவம்பரில் எழுதி முடித்தால் ரிசல்ட் அடுத்த ஆண்டுதான். நடுவில் தைப்பூசம். அப்போது நான் என்ன செய்தேன் என்றால், பரீட்சைக்கு முன்னால் படிக்க வேண்டிய நேரத்தில் பாதியைப் பயத்திலேயே கழித்துவிட்டு, எழுதி முடித்த தாளுக்காகப் பத்து நாள் விரதம் இருந்து, கத்ர போர்ன் பக்கம் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கிற முருகன் கோயிலுக்கு, தார் ரோடு கொதிக்கிற வெயிலில், வெறுங்காலோடு காவடி தூக்கிப் போனேன். அந்த நேரம் என் விடைத்தாளை யாரோ திருத்தி மார்க்கும் போட்டு முடித்திருப்பார். அது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று பாடத்திலும் ஏ கொடு, வெளிநாட்டில் இஞ்சினியரிங் படிக்க ஸ்காலர்ஷிப் கொடு, அடுத்த மூன்று வருஷமும் காவடி எடுக்கிறேன் என்று கடைக்காரரிடம் பேரம் பேசுகிற மாதிரி பேசினேன்.

தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் ரிசல்ட். கணிதத்தில் யு, அதாவது பெயில். மற்ற இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தமிழ் மட்டும் காப்பாற்றியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஒரு அத்தை, "விரதத்தில் ஏதோ குறை வைத்திருப்பாள்" என்றார். இதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏற்கனவே விழுந்து கிடக்கிறவள் தலையில் இன்னொரு கல். நான் அதை நம்பி, எந்த நாளில் என்ன சாப்பிட்டேன், யாரிடம் கோபப்பட்டேன் என்று வாரக்கணக்கில் கணக்குப் பார்த்தேன். அப்புறம் கோபம் திரும்பி முருகன் மேல் போனது. மூன்று மாதம் கோயில் பக்கமே போகவில்லை. ஆனால் சண்டையை நிறுத்தவும் இல்லை, தினமும் படுக்கப் போகும்போது அவரைத் திட்டுவேன், அதுவும் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், ஏனென்றால் எனக்குத் தெரிந்த தமிழ் பரீட்சைத் தமிழ், அதில் திட்ட வராது.

பாட்டிக்கு இது கேட்டிருக்கிறது. ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து சுந்தரர் கதையைச் சொன்னார். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, திருவாரூர் ஞாபகம் வந்து சுந்தரர் கிளம்புகிறார், ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது. சிவனுக்கே தோழர், பாடினால் பொன் கிடைத்தவர், ஆனாலும் பாடியவுடன் கண் திரும்பி வரவில்லை. திருவெண்பாக்கத்தில் வெறும் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்த பிறகு இடக்கண். திருவாரூரில்தான் வலக்கண், அதுவும் இன்னொரு கண்ணைத் தராவிட்டால் போங்கள், நீங்களாவது நல்லா வாழுங்கள் என்று கடவுளையே குத்திப் பாடிய பிறகு. "அவரே திட்டியிருக்கார், நீ திட்டு. ஆனா அவர் நின்ன இடத்திலே நின்னு திட்டலை, கோலை ஊன்றி நடந்துகிட்டே திட்டினார்" என்றார் பாட்டி.

எனக்குக் கிடைத்த ஊன்றுகோல் ரொம்ப சாதாரணமானது. ரிப்பீட் பண்ணச் சேர்ந்த இடத்தில், லெசோன், அதாவது டியூஷன் எடுத்த ஒரு சார் என் பழைய நோட்டைப் புரட்டிவிட்டு, "விடை மட்டும்தான் இருக்கு, வழி எங்கே?" என்றார். கேம்பிரிட்ஜ் கணிதத்தில் கடைசி விடை தப்பானாலும் சரியான வழிமுறைக்கு மார்க் உண்டு. நான் மனசுக்குள் கணக்குப் போட்டு விடையை மட்டும் எழுதுகிற ஆள், ஒரு கூட்டல் பிசகினால் மொத்த மார்க்கும் போகும். இரண்டு வருஷம் இது தெரியாமலே இருந்திருக்கிறேன்! அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் எழுதினேன். ப்யூர் மேத்ஸ் தாளில் 75 மார்க்குக்கு 1 மணி 50 நிமிடம், அதாவது ஒரு மார்க்குக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். கடிகாரம் வைத்து வாரம் இரண்டு பழைய தாள் போட்டேன். போட்டதும் மார்க்கிங் ஸ்கீமை வைத்து நானே திருத்தி, தவறுகளை மட்டும் தனி நோட்டில் எழுதினேன். புதுசாக எதையும் படிக்காமல் அந்த நோட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்த வாரங்களும் உண்டு. மற்ற பாடங்களுக்கும் இதேதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பிரார்த்தனையும் மாறியது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கும்பிட்டுக்கொண்டிருந்தவள் மூடிய பிறகு ஐந்து நிமிடம் பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு இது புரியவில்லை, நாளைக்கு உட்கார வை, அவ்வளவுதான். கிரேடைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றில்லை, கேட்டால் பயம் கூடியது, அதனால் விட்டேன். நேர்த்திக்கடன் வைக்கிறவர்களிடம் ஒன்று சொல்வேன், ரிசல்ட்டோடு கட்டிப்போடாதீர்கள். காவடி எடுக்க ஆசையா, எடுங்கள், ரிசல்ட் எப்படி வந்தாலும் எடுக்கிறேன் என்று எடுங்கள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் பாட்டிக்குச் சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கேட்டது அந்த ஒன்றுதான், நவம்பர் வரைக்கும் இருக்கட்டும் என்று. இருக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு அழகான விளக்கம் கண்டுபிடிக்க நான் முயற்சி செய்யவில்லை. யாராவது சொல்ல வந்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் பதினாறாம் நாள் முடிந்த இரவு, பழக்கத்தில் தவறுகள் நோட்டைத் திறந்துவிட்டு, மூடியதும் அழுதுகொண்டே அந்த ஐந்து நிமிடம் பேசினேன். எதிரில் யாருமே இல்லை என்று அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. நம்பிக்கை என்று சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

இரண்டாம் தடவை கணிதத்தில் சி வந்தது. ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை, இஞ்சினியரிங்கும் இல்லை. ரெத்வியில் மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் வேறொரு படிப்பில் சேர்ந்தேன், முடித்தேன், வேலையில் இருக்கிறேன். இதைவிட நல்லதை வைத்திருந்ததால்தான் கடவுள் அதைத் தரவில்லை என்று அம்மா எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அப்படித் தெரியவில்லை, இஞ்சினியரிங் கிடைத்திருந்தால் சந்தோஷமாகத்தான் படித்திருப்பேன். அம்மாவுக்கு அது ஆறுதல் என்பதால் மறுத்துப் பேசுவதில்லை. அந்தத் தைப்பூசத்துக்கு ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே பால்குடம் எடுத்தேன், முடித்துவிட்டு இலை போட்டு ஏழு கறியும் சாப்பிட்டேன், இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கியது ஞாபகம் இருக்கிறது.

தங்கச்சி, இதைப் படித்தால் சனிக்கிழமை வீட்டுக்கு வா. நீ போட்ட பழைய தாள்களையும் கொண்டு வா. விடை மட்டும் எழுதியிருக்கிறாயா, வழியும் எழுதியிருக்கிறாயா என்று முதலில் பார்ப்போம். முருகனை என்னென்ன திட்ட வேண்டும் என்பதை டீ குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.