கால்வாசி த்ராட்டிலில் ஓடும் வண்டி: யமஹா ஒய்.இசட்.250-ஐ டிரெயிலுக்குத் தயார் செய்வது

யமஹா ஒய்.இசட்.250 மோட்டோகிராஸ் டிராக்குக்காகப் பிறந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. 249 சிசி, 66.4 மி.மீ. போர், 72 மி.மீ. ஸ்ட்ரோக். நடு ஆர்.பி.எம். தாண்டியதும் பவர் ஒரே அடியாக வரும். கியர்கள் நெருக்கமானவை, பின் சக்கரம் 19 அங்குலம். குதித்து இறங்கி முழு த்ராட்டிலில் அடுத்த வளைவுக்கு ஓட இது போதும். ஆனால் பாறையும் வேரும் ஈர மண்ணும் நிறைந்த தடத்தில் த்ராட்டில் பாதியைத் தாண்டுவதே அபூர்வம். அங்கே வண்டியின் குணத்தைத் தீர்மானிப்பது அடிக் கால்வாசி மட்டுமே. டிரெயிலுக்கு டியூன் செய்கிறேன் என்று பெரிய பைப்பும் ரேஸ் ஹெட்டும் வாங்குகிறவர்கள் தப்பான முனையில் காசைப் போடுகிறார்கள்.

யமஹாவுக்கும் இது தெரியும். 2016 மாடலாக வந்த ஒய்.இசட்.250 எக்ஸில் கம்ப்ரெஷனைக் குறைத்து, சி.டி.ஐ.யையும் (ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கும் மின்பெட்டி) பவர் வால்வின் (எக்ஸாஸ்ட் வாயின் அளவை மாற்றும் வால்வு) திறப்பையும் மாற்றி, அகலமான கியர் விகிதமும் 18 அங்குலப் பின் சக்கரமும் கொடுத்தார்கள். சாதா ஒய்.இசட்.தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கே இந்தப் பதிவு.

ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகு) தொடுவதற்கு முன் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதிப் பேர் ஜெட்டிங் கோளாறு என்று நினைப்பது உண்மையில் காற்றுக் கசிவுதான். கிராங்கின் மேக்னட் பக்க ஆயில் சீல் தேய்ந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். கலவை லீன் ஆகும் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), த்ராட்டிலை மூடிய பிறகும் ஐட்லிங் இறங்காமல் தொங்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். அப்போது அடர்ந்த வெள்ளைப் புகை வரும், பிளக் நனையும், கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து, சுமார் 0.4 பார் அழுத்தம் ஏற்றி ஐந்தாறு நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடம் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். அப்படியே கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்கள் கொண்ட ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இதழின் ஓரம் சிறிது உடைந்திருந்தாலும், வளைந்து வெளிச்சம் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பவர் வால்வில் கரி படிந்து ஒட்டியிருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள். திறந்தபடி ஒட்டினால் அடியில் இழுவை இருக்காது. மூடியபடி ஒட்டினால் மேலே மூச்சு முட்டும்.

ஆயில் விகிதத்தை ஜெட்டிங்குக்கு முன்பே முடிவு செய்து, பிறகு மாற்றாமல் இருக்க வேண்டும். யமஹா சொல்வது 30:1, அதாவது லிட்டருக்கு 33 மில்லி. நல்ல ஃபுல் சிந்தெடிக் ஆயிலில் டிரெயிலுக்கு 40:1 போதும் என்பது என் கருத்து: லிட்டருக்கு 25 மில்லி, 5 லிட்டர் கேனுக்கு 125 மில்லி. பாதி பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை நிரப்புங்கள். சைலன்சர் வாயில் கறுப்புக் குழம்பு வடிகிறது என்றதும் ஆயிலைக் குறைப்பவர்கள் உண்டு. குழம்புக்குக் காரணம் பெரும்பாலும் எரியாத பெட்ரோல், அதாவது காற்றுக்குத் தேவையானதை விடப் பெட்ரோல் அதிகமாகப் போகும் ரிச் ஜெட்டிங். ஆயிலைக் குறைத்தால் அதே ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு கூடும்; கலவை இன்னும் ரிச் ஆகும். பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் கிடைக்கும் ஆயில்தான் குறைந்துபோகும்.

இனி கார்புரேட்டர். இதில் இருப்பது கெய்ஹின் பி.டபிள்யூ.கே. 38. பல ஆண்டு மாடல்களில் மெயின் ஜெட் 178, பைலட் ஜெட் 50 என்று வருகிறது. த்ராட்டில் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பேசும். கால் பங்கு வரை ஸ்லைடின் (த்ராட்டிலோடு மேலேறும் கதவு) வெட்டும், அதில் தொங்கும் நீடிலின் நேரான பகுதியும், முக்கால் வரை நீடிலின் சரிவும் கிளிப்பும், அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று படியும். கத்தியால் வெட்டியது போல் பிரியாது. த்ராட்டில் பிடியிலும் ஹவுசிங்கிலும் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் குறி போட்டுக்கொள்ளுங்கள். பிடித்திருப்பது எவ்வளவு என்று ஓட்டும்போது ஊகிப்பது எப்போதும் தப்பாகவே இருக்கும்.

எஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டு ஐட்லிங்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாகக் கடைசி வரை மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது: வெளியே வர வர லீன், உள்ளே போகப் போக ரிச். கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ஐட்லிங் எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். அந்த இடம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே இருந்தால் பைலட் சரி. ஒரு சுற்றுக்குள் வந்தால் பைலட் சிறியது, அடுத்த பெரிய எண் போடுங்கள். இரண்டரையைத் தாண்டினால் பைலட் பெரியது. டிரெயில் வேகத்தில் 50 ரிச்சாக இருந்தால் 48, அதுவும் ரிச் என்றால் 45. இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு: த்ராட்டிலை மூடி நீண்ட இறக்கத்தில் இறங்கிவிட்டு, அடியில் மெல்லத் திறவுங்கள். கடமுடவென்று துப்பிவிட்டுப் பிறகு தெளிந்தால் பைலட் ரிச். ஒரு கணம் செத்தாற்போல் வெறுமையாகி, அப்புறம் பிடித்தால் லீன். அப்படி இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒருமுறை த்ராட்டிலைத் தட்டுங்கள். மூடிய த்ராட்டிலில் எஞ்சின் சுற்றும்போது அதற்கு ஆயில் மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

பைலட்டுக்குப் பிறகு நேராக மெயினுக்குப் போங்கள், நீடில் கடைசியில். நீளமான, லேசாக மேலேறும் மண் தரையில் மூன்றாவது அல்லது நான்காவது கியரில் முழு த்ராட்டில். உச்சியில் சத்தம் தெளியாமல் கரகரத்து நின்றால் ரிச். த்ராட்டிலைச் சிறிது தளர்த்தும்போது இழுவை கூடினால் லீன், உடனே நிறுத்துங்கள். புது பிளக் போட்டு முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனியின் நிறம் மெயினைப் பற்றி அதிகம் சொல்லாது. வெள்ளைப் பீங்கானின் அடிவேரில், உலோகத்துக்குள் மறையும் இடத்தில் உள்ள வளையத்தைத்தான் பார்க்க வேண்டும். பிளக் துளை வழியே டார்ச் அடித்தால் பிஸ்டன் தலையில், கலவை சிலிண்டருக்குள் வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளின் எதிரே கழுவியது போன்ற சுத்தமான திட்டுகள் தெரியும். திட்டே இல்லாமல் முழுக்கக் காய்ந்திருந்தால் லீன். இரண்டு எண்ணுக்கு நடுவே குழப்பமா? பெரியதை வையுங்கள். ரிச் பிளக்கைக் கெடுக்கும், லீன் பிஸ்டனைப் பிடிக்கவைக்கும்.

நீடிலில் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் நீடில் கீழே இறங்கும், லீன் ஆகும். கீழே இறக்கினால் ரிச். கிளிப்பை எங்கே வைத்தாலும் கால் த்ராட்டிலுக்குக் கீழே மட்டும் கோளாறு தீரவில்லை என்றால், நேரான பகுதியின் தடிமன் வேறாக உள்ள நீடில் தேவை. என்3இடபிள்யூ போன்ற பெயர்களில் கடைசி எழுத்து அந்தத் தடிமனைக் குறிப்பது. தடித்தால் லீன். டிரெயில் ஓட்டிகளுக்கு மெயின் ஜெட்டை விட இந்த எழுத்தே முக்கியம். ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிளக் என்.ஜி.கே. பி.ஆர்.8.இ.ஜி., இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. பிளக் நனைகிறது என்று இன்னும் சூடான 7-ஆம் எண்ணுக்குத் தாவாதீர்கள். முதலில் பைலட்டைச் சரிசெய்யுங்கள்.

உயரமும் பெட்ரோலும் கணக்கை மாற்றும். சுமார் 400 மீட்டரில் உள்ள கோவையில் சரியாக ஜெட் செய்த வண்டியை 2,200 மீட்டரில் உள்ள ஊட்டிப் பக்கத் தனியார் எஸ்டேட்டுக்கு ஏற்றினால் காற்று மெலிந்து கலவை ரிச் ஆகும். மலைக்குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டிவிடும். 178 இருந்த இடத்தில் 172 போட்டுப் பாருங்கள், ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திறவுங்கள். (பதிவெண் இல்லாத இந்த வண்டியைப் பொதுச் சாலையிலோ காப்புக் காட்டிலோ இறக்காதீர்கள், பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள்.) பங்க்குகளில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் எதிர்த் திசையில் இழுக்கும். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருப்பதால், எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். வெளிநாட்டு ஓட்டிகள் தரும் ஜெட் எண்களை அப்படியே போட்டால் இங்கே லீன் ஆவது இதனால்தான். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் பவுலைக் காலி செய்துவிடுங்கள்.

ஜெட்டிங் முடிந்ததும், செலவுக்கு அதிகப் பலன் தருவது ஃப்ளைவீல் வெயிட். சுமார் 250 முதல் 350 கிராம் கூட்டினால் பவர் குறையாது. சுழற்சி ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும். பாறையில் முட்டும்போது எஞ்சின் அணைவது குறையும், ஈர மண்ணில் பின் சக்கரம் சும்மா சுழல்வதும் குறையும். ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். அதன் மரை இடக்கை மரை, வழக்கம்போல் திருகினால் மரை போய்விடும். மூடியை மாட்டும் முன் கையால் சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்து ஸ்பிராக்கெட். முன்னால் 14 பல்லை 13 ஆக்கினால், பின்னால் கிட்டத்தட்ட நான்கு பல் கூட்டியதற்குச் சமம். முதல் கியரில் கிளட்சைத் தேய்க்காமல் ஏறலாம். ஆனால் சின்ன ஸ்பிராக்கெட்டில் செயின் ஸ்விங் ஆர்ம் ரப்பரை வேகமாக அரைக்கும். அதைக் கண்ணில் வைத்திருங்கள்.

இந்த வண்டியில் ரேடியேட்டர் ஃபேன் கிடையாது. மெதுவான ஏற்றங்களில் கூலன்ட் கொதித்து வெளியேறினால் 1.6 பார் மூடி கொஞ்சம் உதவும், ஆனால் லீன் ஜெட்டிங்கால் வரும் சூட்டை எந்த மூடியும் அடக்காது. கீழே பாஷ் பிளேட், பைப்புக்குக் கார்டு, ஹேண்ட்கார்டு: இவை இல்லாமல் பாறைத் தடத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

சஸ்பென்ஷனுக்கு வருவோம். கிளிக்கரை (சஸ்பென்ஷன் அசைவின் வேகத்தை மாற்றும் திருகு) தொடும் முன் டயர் காற்றைச் சரிசெய்யுங்கள்: டியூப் போட்டிருந்தால் பாறைக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ., சேற்றுக்கு 10 முதல் 12. இந்த அளவில் ரிம்லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) இல்லையென்றால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். பிறகு சேக், அதாவது எடையில் வண்டியின் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. பின் ஆக்ஸிலிலிருந்து மட்கார்டில் ஒரு குறி வரை அளக்க வேண்டும். சக்கரம் தரையில் படாமல் 600 மி.மீ. என்றால், முழு கியரோடு நீங்கள் ஏறி நின்றதும் சுமார் 500 வர வேண்டும்; 95 முதல் 105 வரை இறக்கம் நல்லது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தும் பிரீலோட் வளையத்தின் ஒரு சுற்று சுமார் 3 முதல் 4 மி.மீ. மாற்றும். ஆள் இல்லாமல் வண்டி தன் எடையில் 30 முதல் 40 இறங்க வேண்டும். ஆள் ஏறிய அளவு சரியாக இருந்து, ஆள் இல்லாத அளவு 25-க்குக் கீழே நின்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இன்னும் மென்மையான ஸ்பிரிங் வாங்கிவிடுகிறார்கள்.

முன் ஃபோர்க்கில் கம்ப்ரெஷனை (அமுங்கும் வேகத்துக்கான கிளிக்கர்) தொழிற்சாலை அளவிலிருந்து நான்கு கிளிக் வெளியே எடுத்து, ஒரே பாறைத் துண்டில் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். ஹேண்டில் கையில் அடிப்பது நின்றதா? நிற்கவில்லை என்றால் இன்னும் இரண்டு கிளிக். ரீபவுண்டை (அமுங்கியது மீண்டு வரும் வேகம்) ஒன்றிரண்டு கிளிக் மட்டும் வேகப்படுத்துங்கள். அதிகமானால் வேர்களில் முன்சக்கரம் துள்ளும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க் மேல் மூடியில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்ளே சேர்ந்த காற்றை விட்டுவிடுங்கள். 18 அங்குலச் சக்கரம் புதிதாகக் கட்டியிருந்தால், முதல் அரை மணி நேரத்திலேயே நிறுத்தி ஸ்போக்குகளை, முக்கியமாக ரிம்லாக் அருகே உள்ளவற்றை, தட்டிப் பார்த்து இறுக்குங்கள்.