திட்டத் தரவு எந்த வடிவில் தங்குகிறது

குடிநீர்த் திட்டங்களுக்கு வடிவமைப்பு ஆலோசனை வழங்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஒரு திட்டம் முடிந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் தணிக்கை ஆட்சேபணை வரும். குழாயின் விட்டம் ஏன் மாற்றப்பட்டது, எந்தக் கூட்டத்தில், யாருடைய ஒப்புதலோடு என்று கேட்பார்கள். மின்னஞ்சல்களிலும் தனித்தனிக் கணினிகளிலும் சிதறிக் கிடந்த கூட்டக் குறிப்புகளை ஓரிடத்தில் சேர்க்க ஒரு விக்கி மென்பொருளை (பலர் சேர்ந்து பக்கங்களை எழுதித் திருத்த உதவுவது)த் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இறுதிச் சுற்றில் நின்றவை இரண்டு: அட்லாசியன் நிறுவனத்தின் கன்ஃப்ளூயன்ஸ், கட்டற்ற மென்பொருளான டோக்குவிக்கி.

அன்றாடப் பயன்பாட்டில் கன்ஃப்ளூயன்ஸே மேல். ஒரே பக்கத்தை இருவர் ஒரே நேரத்தில் திருத்தலாம். எக்செல் அட்டவணையை அப்படியே ஒட்டலாம். டோக்குவிக்கியில் ஒருவர் திருத்தும்போது அந்தப் பக்கம் மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டிருக்கும். அட்டவணையைச் செங்குத்துக் கோடுகள் இட்டுக் கையால் அமைக்க வேண்டும். எங்கள் பொறியாளர்கள் கன்ஃப்ளூயன்ஸையே விரும்பினார்கள், அதில் நியாயமும் இருந்தது.

ஆனால், திட்டத் தரவின் ஆயுள் மென்பொருளின் ஆயுளைவிட நீண்டது என்பதையே நான் முதன்மையாகக் கருதினேன். டோக்குவிக்கிக்குத் தரவுத்தளம் தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக் கோப்பு. பழைய பதிப்புகள் நேர முத்திரையோடு சுருக்கப்பட்டுத் தனிக் கோப்புறையில் இருக்கும். நாளை அந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். கன்ஃப்ளூயன்ஸிலிருந்தும் பக்கங்களை எச்.டி.எம்.எல்., பி.டி.எஃப். வடிவங்களில் வெளியே எடுக்க முடியும். ஆனால் பக்கங்களுக்குள் பதித்த மேக்ரோக்கள், அதாவது பட்டியல் போன்றவற்றைத் தானாக உருவாக்கும் சிறு நிரல்கள், கன்ஃப்ளூயன்ஸுக்கு வெளியே இயங்கமாட்டா. சொந்த சர்வரில் நிறுவும் அதன் சர்வர் பதிப்பின் புதிய உரிம விற்பனை 2021 பிப்ரவரியில் நின்றது. ஆதரவு 2024 பிப்ரவரி 15இல் முடிந்தது. அது நிறுவனத்தின் வணிக முடிவு, அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. எனினும் பத்தாண்டு காக்க வேண்டிய ஆவணத்தின் இருப்பிடத்தைப் பிறருடைய கால அட்டவணை தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டற்ற மென்பொருளுக்கும் உழைப்பு உண்டு. டோக்குவிக்கி இயல்பு அமைப்பில், தமிழில் தலைப்பிட்ட பக்கத்தின் கோப்புப் பெயரை %E0 போன்ற விழுக்காட்டுக் குறிகளாக மாற்றிச் சேமிக்கிறது. ஒரு தமிழ் யூனிகோடு குறியீடு (கணினியில் எழுத்தையோ அதன் துணைக்குறியையோ குறிக்கும் எண்) மூன்று பைட். மாற்றிய பிறகு அது ஒன்பது எழுத்தாகிவிடுகிறது. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை, அதில் ‘.txt’ என்ற பின்னொட்டும் அடங்கும் என்பதால், 27 குறியீடுகளைத் தாண்டும் தலைப்புக்கே இடமிருக்காது. உயிர்மெய் எழுத்துகள் பலவும் இரண்டு குறியீடுகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயரை விழுக்காட்டுக் குறிகள் இல்லாமல் யூ.டி.எஃப்-8 வடிவிலேயே வைக்கும்படி ஓர் அமைப்பை மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் அதைப் பக்கங்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இதைத் தேடிக் கண்டறிய ஆளில்லாத அலுவலகத்துக்குக் கன்ஃப்ளூயன்ஸ் போன்ற சந்தா கட்டும் மென்பொருளையே பரிந்துரைப்பேன், குறிப்பிட்ட இடைவெளியில் தரவை வெளியே எடுத்து வைக்கும் ஒழுங்கோடு.

நாங்கள் டோக்குவிக்கியையே நிறுவினோம். அட்டவணைகள் எக்செல் கோப்புகளாகவே இணைக்கப்படுகின்றன. பக்கத்தில் முடிவும் அதற்கான காரணமும் மட்டும் எழுதப்படுகின்றன. தரவுக் கோப்புறை முழுவதும் வாரந்தோறும் வேறொரு வன்தட்டில் நகலெடுக்கப்படுகிறது. கூட்டம் நடக்கும்போதே இருவர் சேர்ந்து குறிப்பெழுதும் வசதியை இளம் பொறியாளர்கள் இன்னும் கேட்கிறார்கள். அதற்கு இதுவரை எங்களிடம் நல்ல மாற்று இல்லை.