"கடைசியா எப்ப ப்ளீடிங் ஆச்சு?"

அந்த நர்ஸ் கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே இருக்கிறது. "கடைசியா எப்ப ப்ளீடிங் ஆச்சும்மா?" நான் "முந்தாநாள், 22ஆம் தேதி" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியால் ஒரு நாள் அலைச்சல் வீணானதோடு நான்கு ராத்திரி தூக்கமும் போனது.

அந்த மாதம் எனக்குப் பீரியட்ஸ் வந்தது 3ஆம் தேதி. எனக்கு 34 நாளுக்கு ஒருமுறைதான் வரும், பல மாதமாக அப்படித்தான். 15ஆம் தேதி இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. ஒன்றும் ஆகாது என்று இருவரும் விட்டுவிட்டோம். முதல் தப்பு அங்கேதான். அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எனக்கு அது நினைவுக்கு வந்தபோது ஒரு வாரம் ஓடிப்போயிருந்தது.

22ஆம் தேதி காலை உள்ளாடையில் ஒரு காசு அளவுக்கு இளஞ்சிவப்புக் கறை. மதியம் துடைத்தபோது லேசான பழுப்பு நிறம். நாப்கின் வைக்கும் அளவுக்குக்கூட இல்லை, மறுநாள் காலையில் அதுவும் நின்றுவிட்டது.

அன்று முழுக்க விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். 3ஆம் தேதியை முதல் நாளாக வைத்து எண்ணினால் 16 வருகிறது. 15 இரவு அது நடந்திருக்கிறது, 16 கருமுட்டை, ஆறு நாள் கழித்து ரத்தம். கரு கர்ப்பப்பையில் பதியும் சமயத்தில் சிலருக்கு லேசாக ரத்தம் படும் என்று படித்திருந்தேன். எல்லாம் அச்சடித்த மாதிரி பொருந்தியதும் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்கு இன்னும் ஒரு வயதுகூட முடியவில்லை. பிரசவம் சிசேரியன், அடுத்ததற்குக் கொஞ்ச காலம் போகட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

23ஆம் தேதி கர்ப்பமா என்று பார்க்கும் கிட் வாங்கிப் பார்த்தேன். ஒரு கோடுதான், இல்லை என்று வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாவது கோடு வர வேண்டிய இடத்தில் நூல் மாதிரி சாம்பலாக ஏதோ தெரிந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். அவரிடம் காட்டினேன். "கோடு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்றார். அந்த ஒரு பதிலுக்கு அன்று இருவருக்கும் சண்டை.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கிட் கூடவே வரும் தாளில் எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று போட்டிருக்கும், பெரும்பாலும் ஐந்து நிமிடம். பத்து நிமிடம் தாண்டினால் அந்த முடிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சிறுநீர் காய்ந்த தடம் கோடு மாதிரியே தெரியும். உண்மையான கோடு மங்கலாக இருந்தாலும் நிறத்தோடு இருக்கும், அதுவும் உரிய நேரத்துக்குள் வந்திருக்கும்.

24ஆம் தேதி மருத்துவமனைக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். அங்கேதான் அந்தக் கேள்வி. நர்ஸ் கேட்டது கடைசி மாதவிடாய் எப்போது ஆரம்பித்தது என்று. எனக்குக் காதில் விழுந்தது கடைசியாக எப்போது ரத்தம் பட்டது என்று. டாக்டர் சீட்டைப் பார்த்தார், நிமிரவில்லை. "ரெண்டு நாளைக்கு முன்னாடிதானே பீரியட்ஸ் வந்திருக்கு, அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க? அடுத்த தடவை தள்ளிப்போனா வாங்க." இல்லை டாக்டர், அது பீரியட்ஸ் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், இன்றும் அது மனசை உறுத்துகிறது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். "நீ ஏண்டி 22ன்னு சொன்னே? 3ஆம் தேதிதானே உனக்கு வந்துச்சு? காலண்டரைக் கையில எடுத்துட்டு வேற டாக்டர்கிட்ட போ" என்றாள்.

28ஆம் தேதி கடந்த ஆறு மாதத் தேதிகளைத் தனியாக ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் அந்தத் தாளைத்தான் வாங்கினார். அடுத்து வரிசையாகக் கேட்டார்: என்ன நிறம், எத்தனை நாள், வலி இருந்ததா, உறவுக்குப் பிறகு எப்போதாவது ரத்தம் பட்டிருக்கிறதா, ஏதாவது ஹார்மோன் மாத்திரை எடுக்கிறீர்களா. பிறகு தாளைத் திருப்பி ஒரு கோடு போட்டார்.

"14ஐ முன்னாலிருந்து எண்ணக் கூடாதும்மா, பின்னாலிருந்து எண்ணணும். அடுத்த பீரியட்ஸ் வரவேண்டிய நாளுக்கு ஏறக்குறைய ரெண்டு வாரம் முன்னாடிதான் முட்டை வெளியே வரும். உங்களுக்கு 34 நாள், அப்படின்னா 20ஆம் நாள் பக்கம். 3ஆம் தேதியிலிருந்து 20 எண்ணுங்க."

எண்ணினேன். 22.

கருமுட்டை வெளிவரும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் கொஞ்ச நேரம் இறங்கும், அதில் கர்ப்பப்பையின் உள்சவ்வு லேசாக உதிர்ந்து சிலருக்கு இப்படி ஒன்றிரண்டு நாள் படும் என்றார். கரு பதிவதாக இருந்தால் முட்டை வெளிவந்து 6 முதல் 12 நாள் கழித்துத்தான். பதிந்த பிறகுதான் கர்ப்ப ஹார்மோன் சுரக்கவே ஆரம்பிக்கும். அப்படியானால் நான் 23ஆம் தேதி பார்த்த கிட்டுக்கு அர்த்தமே இல்லை. விந்தணு உடலுக்குள் அதிகபட்சம் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், 15க்கும் 22க்கும் ஏழு நாள் இடைவெளி, அதனால் வாய்ப்பு குறைவு என்றார். ஆனாலும் "இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், முட்டை ஓரிரு நாள் முன்பின்னாகவும் வரும்" என்றார். அந்த நேர்மைதான் எனக்கு நிம்மதி கொடுத்தது.

அன்றே ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா என்று கெஞ்சினேன். இப்போது எடுத்தால் பணம்தான் வீண், 15ஆம் தேதியிலிருந்து மூன்று வாரம் கழித்துக் காலை முதல் சிறுநீரில் பாருங்கள் என்றார். கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்து, பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை) எடுத்தார். அங்கே சின்னச் சதை வளர்ச்சியோ நோய்த்தொற்றோ இருந்தாலும் நடுவில் ரத்தம் படுமாம். என் பாப் ஸ்மியர் எப்போதோ எடுத்திருக்க வேண்டியது, தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். ஒரு முறை பட்டு நின்றுவிட்டால் பயமில்லை, மாதாமாதம் வந்தாலோ உறவுக்குப் பிறகு பட்டாலோ கண்டிப்பாக வரச் சொன்னார். கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்தாலோ, தோள்பட்டை நுனியில் வலி வந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ தேதி எல்லாம் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் அப்படி ஆகும்.

புறப்படும்போது இன்னொன்று கேட்டேன். பழைய மருத்துவமனைச் சீட்டில் 22 என்று இருக்கிறதே, அதனால் என்ன? "ஒருவேளை கர்ப்பமாகியிருந்தா வாரக் கணக்கு எல்லாம் அந்தத் தேதியை வெச்சுத்தான் ஆரம்பிப்பாங்க. 19 நாள் தப்பாயிருக்கும்" என்றார். அந்தச் சீட்டை வாங்கி 22ஐ அடித்துவிட்டு 3 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

6ஆம் தேதி காலை கிட்டில் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு கோடு, நேராகக் குப்பைத்தொட்டி, திரும்பிப் பார்க்கவில்லை. 7ஆம் தேதி விடியற்காலை பீரியட்ஸ் வந்தது, வழக்கமான வயிற்று வலியோடு, வழக்கமான அளவில். சரியாக 34 நாள். கதவைத் திறந்து அவரிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலண்டரில் 3ஐயும் 7ஐயும் வட்டமிட்டிருக்கிறேன், 22க்கு ஒரு புள்ளி மட்டும். பாப் ஸ்மியர் ரிசல்ட் அடுத்த வாரம். போகும்போது நர்ஸ் கேட்பதற்கு முன்பே தாளை நீட்டிவிடுவேன்.