பழைய போர்ட்டர் பியருக்கு மார்க் போட்ட கதை

தேயிலை ஃபெக்டரியில் சுவை பார்க்கிறவனுக்குப் புகை என்றாலே ஆகாது. அடுப்புக் குழாயில் சின்ன வெடிப்பு விழுந்தால் போதும், சூடான காற்றோடு விறகுப் புகையும் டிரையருக்குள் போய்விடும். கொழும்பு ஏலத்தில் அந்தத் தூளைச் சீந்த ஆளிருக்காது.

இந்த நாக்கோடுதான் நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் போர்ட்டர் என்ற கடுநிற ஆங்கில பியரை ருசிக்கப் போனேன். 18ஆம் நூற்றாண்டு லண்டன் முறையில் வீட்டிலேயே காய்ச்சிய போத்தல்களை ஓர் இங்கிலாந்து விருந்தாளி கொண்டுவந்திருந்தார். "அண்ணே, தேத்தண்ணிக்கு மார்க் போடுற ஆள்தானே, இதுக்கும் போடுங்க" என்று பாரில் நிற்கும் தம்பி கூப்பிட்டான்.

பழக்கதோஷத்தில் முதல் வாயை உறிஞ்சித் துப்பிவிட்டேன். விருந்தாளி சிரித்தார். பியரின் கசப்பு தொண்டையில்தான் பிடிபடுமாம், விழுங்க வேண்டும். சரி, விழுங்கினேன்.

நம்ம லயன் ஸ்டவுட் பியர் மாதிரிக் கறுப்பாக இல்லை, பழுப்பு நிறம். பியருக்கு அடிப்படையான மால்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, கறுக்க வறுக்கும் முறைக்கு டேனியல் வீலர் காப்புரிமை வாங்கியதே 1817இல்தான். வாயில் முதலில் புகை, அப்புறம் லேசான புளிப்பு, கடைசியில் குதிரைச் சேணம் போல ஒரு தோல் வாசம். இந்தத் தோல் வாசத்தைத் தரும் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்டை, நாள்பட வைத்த ஆங்கில பியரில் இருப்பதாக 1904இல் சொன்னவர் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலை ஆய்வாளர் கிளாவுசன். இன்றைய லாகர் பியர் ஆலையில் அது தலைகாட்டினால் அந்தத் தொட்டியையே கொட்டிவிடுவார்கள்.

"அந்தக் காலத்தில் இப்படித்தான்" என்றார் விருந்தாளி. பாதிக்குத்தான் நான் ஒத்துப்போனேன். மாதக்கணக்கில் மரத்தொட்டியில் கிடந்த சரக்குக்குப் புளிப்பும் தோல் வாசமும் உரியவைதான். புகை அப்படியல்ல. அதை அந்தக் காலத்து ஆட்களே குறை சொல்லியிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் டெர்பிஷயரில் விறகை விட்டு, அதிகம் புகையாத கோக் என்ற சுட்ட நிலக்கரியில் மால்டைக் காய வைத்தார்கள். போர்ட்டரை நாள்பட வைத்ததில் புகை அடங்கட்டும் என்ற நோக்கமும் இருந்தது.

தேயிலையிலும் இதே கதைதான். 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரா தோட்டத்தில், இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் கொழுந்தை பங்களா வராந்தாவில் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பில் காய வைத்தார். யாராவது அதே முறையில் இன்று தேயிலை செய்து தந்தால், சுருள் ஒரே சீராக இல்லை என்று மார்க் வெட்டமாட்டேன். தீய்ந்திருந்தால் வெட்டுவேன், டெய்லரும் அதை ஏற்றிருக்கமாட்டார்.

அதே கணக்கில் புளிப்பை விட்டுவிட்டுப் புகைக்கு மட்டும் வெட்டினேன். விருந்தாளி வாதாடவில்லை. ஊரில் இருக்கும் மீதிப் போத்தல்களை இன்னும் ஒரு வருஷம் திறக்காமல் வைத்தால் சரியாகுமா என்று மட்டும் கேட்டார்.