அம்புக்குறி போட்ட எண்

ஜூன் 4, 2024
ஊரே இன்று எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லேப்பில் டிவி, அதில் வாக்கு எண்ணிக்கை. ரிப்போர்ட் கொடுத்த பெண் திரையை விட்டுக் கண்ணெடுக்காமலே கவரை நீட்டினாள். சர்க்கரை, கொழுப்பு எல்லாம் வழக்கம்போல. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு: பி.எஸ்.ஏ. 5.8. நாலுக்குள் இருக்க வேண்டுமாம். மகள் கட்டிவிட்ட பேக்கேஜில் இதுவும் இருந்திருக்கிறது. நானாகக் கேட்டு எடுத்திருக்கவே மாட்டேன். 58 வயசு, ராத்திரி ஒண்ணுக்குப் போக ஒரு தடவை எழுந்திருக்கிறேன், அவ்வளவுதானே.

ஜூன் 6
யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர் சின்னப் பையன். "சார், இது புற்றுநோயோட எண் இல்லை, புராஸ்டேட்டோட எண்" என்றுதான் ஆரம்பித்தார். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் அந்தச் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம் அது. சுரப்பி வயசால் வீங்கினாலும் ஏறும், கிருமி தொற்றினாலும் ஏறும். 4-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிற நாலு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் பயாப்ஸியில், அதாவது ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பதில், புற்று தெரிகிறதாம். நாலுக்குக் கீழே இருந்தால் நிச்சயம் இல்லை என்றும் சொல்ல முடியாதாம். அப்புறம் எதற்கு இந்த அம்பு?

சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்டார். தினமும் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை. டெஸ்டுக்கு முன் இரண்டு நாளில் தாம்பத்தியம் உண்டா என்றார், இரண்டுமே இந்த எண்ணை ஏற்றலாமாம். என் மனைவி சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தாள்.

ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும் ஆனது. கையுறை, ஜெல்லி, அரை நிமிஷம். அதற்கு நான் பட்ட பயம் இரண்டு நாள். வீக்கம் இருக்கிறது, கல் மாதிரிக் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்றார். ஆறு வாரம் கழித்து அதே லேப்பில் மறுபடி ரத்தம்.

எழுந்திருக்கும்போது கேட்டார்: "அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது இருந்ததா?" இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 9
அந்த 'இல்லை' உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா 1991-இல் போனார். இடுப்பு வலி, வாதம், எண்ணெய் தேய்த்தோம் என்பதுதான் நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் அறிந்த வரலாறு. அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணுக்குப் போக முடியாம டியூப் போட்டிருந்தாங்களேடா. நீ அப்ப பம்பாயில இருந்தே. அண்ணன்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லாதேன்னுச்சு."

33 வருஷம். டியூப் இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, தெரியும். ஆனால் இந்த நோய் பரவினால் முதலில் போய் உட்காருவது பெரும்பாலும் இடுப்பு, முதுகெலும்பில்தான் என்றும் இப்போது தெரியும். காகிதம் எதுவும் மிச்சமில்லை. எண்ணெய்க் கிண்ணம் மட்டும் வீட்டில் இருக்கிறது.

ஜூன் 21
நிறையப் படித்துவிட்டேன், தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012-இல் இந்த டெஸ்டை வழக்கமான பரிசோதனையாக யாருக்குமே எடுக்க வேண்டாம் என்றது. 2018-இல் மாற்றிக்கொண்டு, 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வேண்டாம் என்றது. முதலில் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. இந்தப் புற்று பலருக்கு ஆமை வேகம். ஆளைக் கொல்லாத கட்டியை அறுக்கப்போய்ச் சிறுநீர் கசிவையும் ஆண்மைக் குறைவையும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. பிரிட்டனில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்து 15 வருஷம் பார்த்திருக்கிறார்கள். எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான்.

தெம்பாக இருந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் சுரப்பியைத் தாண்டுவதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். இடுப்பு வலி வந்த பிறகு போனவர்கள் இல்லை.

ஜூலை 18
சைக்கிளை மூன்று நாள் நிறுத்திவிட்டுப் போனேன். 4.9. இறங்கியிருக்கிறது, ஆனால் அம்பு போகவில்லை. அப்பா கதையைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, நேராக பயாப்ஸிக்குப் போக வேண்டாம், முதலில் எம்.ஆர்.ஐ. என்றார்.

ஜூலை 25
எம்.ஆர்.ஐ. சத்தம் இருக்கிறதே, ரைஸ்மில்லுக்குள் படுத்த மாதிரி. சந்தேகத்துக்கு 1 முதல் 5 வரை மார்க் போடுவார்களாம். எனக்கு 2. பயாப்ஸி இப்போதைக்கு இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பி.எஸ்.ஏ. வாழ்க்கையில் குறைந்த மார்க்குக்கு வீட்டில் கேசரி கிண்டியது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 1
கோயம்புத்தூர் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்கு 52. "எனக்கு நல்லாத்தானேண்ணே போகுது" என்றான். "ஆரம்பத்துல எதுவுமே தெரியாதாம்டா, அதுக்குத்தான் சொல்றேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "மேட்டூர் நிரம்பிடுச்சாமே, உங்க பக்கம் தண்ணி வந்துருச்சா?" என்றான். சரி என்று காவிரியைப் பற்றியே பேசிவிட்டு வைத்தேன்.

ராத்திரி பத்து மணிக்கு அவன் மனைவியிடமிருந்து வாட்ஸ்அப்: "மாமா, அந்த டெஸ்ட் பேரு என்ன? எழுதி அனுப்புங்க."